காணிக்கையா, கட்டணமா?

கோயில் உண்டியலிலே காசு போடுகிறான் பக்தன். பற்றுச்சீட்டு கேட்பதில்லை. போட்ட காசு எங்கே போயிற்று, எவர் எடுத்தார், எதற்குச் செலவிட்டார் என்று வினவுவதில்லை. வினவினால் பாவம் என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். கொடுப்பது அவன் கடமை. கணக்கு ஆண்டவன் பொறுப்பு! அதற்குப் பெயர் காணிக்கை.

நகராட்சி அலுவலகத்திலே குடிநீர்க் கட்டணம் செலுத்துகிறான் குடிமகன். இவனுக்குப் பற்றுச்சீட்டு கிடைக்கிறது. ஆனால் கட்டணம் ஏறியது ஏன், ஏறிய தொகை எங்கே சென்றது, தன் தெருக் குழாய்க்கு அதனால் விளைந்த நன்மை என்ன என்று இவனும் வினவுவதில்லை. வினவி என்ன பயன் என்று சலித்துக்கொள்கிறான். முன்னவன் பயத்தால் வாய் மூடினான். பின்னவன் சலிப்பால் வாய் மூடினான். இதற்குக் கட்டணம் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். பெயர்தான் வேறு, தோழர்களே, பண்பு ஒன்றே!

உண்டியலுக்குக் கணக்குக் கேட்ட மரபு நம்முடையது. நீதிக்கட்சி ஆட்சியிலே, பனகல் அரசர் முதலமைச்சராக வீற்றிருந்த நாளில், 1925 ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டம் வந்தது. மடங்களும் கோயில்களும் தம் வரவு செலவைக் காட்ட வேண்டும் என்றது சட்டம். மதம் போயிற்று, தருமம் அழிந்தது என்று ஓலமிட்டோர் உண்டு. மதம் போகவில்லை; மறைவுதான் போயிற்று. ஆண்டவன் பெயரால் வாங்கிய காசுக்கே கணக்குக் கேட்ட மரபிலே வந்தவர்கள், ஆணையாளர் பெயரால் வாங்கும் காசுக்குக் கணக்குக் கேட்கக் கூசுவானேன்? இதுவே என் கேள்வி.

வானம் வஞ்சித்ததா?

திண்டிவனம் நீர் காணாத பாலையன்று. ஓய்மாநாட்டு நல்லியக்கோடன் வீற்றிருந்த கிடங்கில் என்னும் பழம்பதி, கிடங்கல் என்னும் பெயரோடு இன்றும் நம் நகரின் ஒரு பகுதியாக விளங்குகிறது. சிறுபாணாற்றுப்படை அவன் கொடையைப் பாடுகிறது. பாணனுக்குப் பரிசில் கொடுத்த ஊர் இது. அந்த ஊரிலே, 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 73,000 பேர் வாழும் நகரிலே, விடியுமுன் குடத்தோடு குழாயடியில் நிற்கும் பெண்ணுக்கு எந்த மன்னனின் கொடையும் வேண்டாம். அவள் காசு கொடுக்கிறாள். கொடுத்த காசுக்குத் தண்ணீர் கேட்கிறாள். அவள் இரவலர் அல்லள், உரிமையாளர்!

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, நம் அண்டையிலுள்ள மயிலத்தில் ஒரு நாள் மழை 50 சென்டிமீட்டர் அளவை எட்டியது. வானம் வஞ்சிக்கவில்லை, வழங்கியது. வழங்கிய நீரைத் தேக்கவும், தூய்மைப்படுத்தவும், குழாயில் செலுத்தவும் வேண்டியவர் வானத்தில் இல்லை, மண்ணிலே இருக்கிறார். விழுப்புரத்தை அடுத்த தளவானூரில் தென்பெண்ணையின் குறுக்கே ஏறத்தாழ 25 கோடி ரூபாய் செலவிலே எழுந்த தடுப்பணை, திறப்பு விழாக் கண்ட சில திங்களுக்குள், 2021 ஜனவரியில் உடைந்தது. அதுவும் வருணன் செய்த வஞ்சனை என்பாரோ?

2019 கோடையில் தமிழகம் தண்ணீருக்குத் தவித்தது. சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு கிடந்தன. அப்போது அறநிலையத் துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை புறப்பட்டது: மழை வேண்டிக் கோயில்களிலே யாகமும் செபமும் நடத்துக! உண்டியலுக்குக் கணக்குக் கேட்கப் பிறந்த துறை, மேகத்துக்கு மனுப் போடும் துறையாயிற்று! யாகத்தின் புகை மேலே சென்றது. ஆனால் கீழே, தமிழகத்தின் நகரங்களில் அன்று மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் ஒன்றுகூட இல்லை. வேள்வி நடத்த ஆள் இருந்தது; கேள்வி கேட்க அவை இல்லை. அந்தக் கதையைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

மன்றம் இல்லா மாநிலம்

அரசியல் சட்டத்தின் 74 ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. நகர மன்றத்தின் காலம் ஐந்தாண்டு, அது முடியுமுன் அடுத்த தேர்தல் நடந்தாக வேண்டும் என்று ஐயத்துக்கு இடமின்றி வகுத்தது. நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளைப் பன்னிரண்டாம் அட்டவணையிலே வரிசைப்படுத்தியது. அவ்வரிசையில் ஐந்தாவது இடத்தில் நிற்பது குடிநீர் வழங்கல்.

ஏடு இப்படி. நாடு எப்படி? 2016 அக்டோபரில் தமிழகத்து நகர மன்றங்களின் காலம் முடிந்தது. வழக்கு, வார்டு வரையறை, ஒதுக்கீடு என்று காரணங்கள் அணிவகுத்தன. அடுத்த வாக்குப்பதிவு நடந்ததோ 2022 பிப்ரவரி 19 அன்று! ஒரு மன்றத்தின் முழு ஆயுட்காலத்தை விஞ்சிய அந்த இடைவெளியில் நகரங்களை ஆண்டவர்கள் தனி அலுவலர்கள். தீர்மானத்தை முன்மொழிபவரும் அவரே, வழிமொழிபவரும் அவரே, ஏகமனதாக நிறைவேற்றுபவரும் அவரே! இத்தகைய ஒற்றுமையை எந்த மன்றத்திலே காண முடியும்?

அந்த இருட்டிலே நடந்தவை இரண்டைச் சொல்கிறேன்.

ஒன்று, கோவை. அம்மாநகரின் குடிநீர் வழங்கலை 26 ஆண்டுகளுக்குப் பிரான்சு நாட்டைச் சேர்ந்த சூயஸ் நிறுவனத்திடம் ஒப்படைக்கும் உடன்பாடு 2018 இல் வந்தது. கட்டணத்தை வகுக்கும் உரிமை மாநகராட்சியிடமே இருக்கும் என்று அதிகாரிகள் விளக்கம் தந்தனர். இருக்கட்டும். திட்டம் நன்று என்பாரும் உளர், தீது என்பாரும் உளர். வாதிட வேண்டிய பொருள்தான். ஆனால் வாதிட வேண்டிய மன்றம் எங்கே? இன்று பள்ளியிலே படிக்கும் பிள்ளை நடுவயதை எட்டும்வரை நீளும் ஓர் உடன்பாடு, மக்கள் தேர்ந்த உறுப்பினர் ஒருவர்கூடக் கை தூக்காமல் நிறைவேறியது!

மற்றொன்று, சொத்துவரி. 2018 இல் மன்றங்கள் இல்லாத நிலையிலேயே வரி உயர்வு ஆணை பிறந்தது. குடியிருப்புகளுக்கு 50 விழுக்காடு வரை, வணிகக் கட்டடங்களுக்கு 100 விழுக்காடு வரை. மக்கள் முணுமுணுத்தனர், ஆணை அசையவில்லை. 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் வரும் என்ற பேச்சு எழுந்ததும், அந்த உயர்வு நிறுத்திவைக்கப்பட்டது. முணுமுணுப்புக்கு அசையாதது வாக்குப்பெட்டியின் நிழலைக் கண்டு அசைந்தது!

இது ஒரு கட்சியை ஏசுவதற்கு மட்டும் பயன்படும் கதை என்று எவரும் மகிழ வேண்டாம். 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. மார்ச் 2 அன்று உறுப்பினர் பதவியேற்றனர். ஏப்ரல் முதல் நாளே சொத்துவரி உயர்வு அறிவிப்பு வெளிவந்தது. 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. பதினைந்தாவது நிதிக்குழுவின் மானியம் பெற வரியைச் சீர் செய்தாக வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். காரணத்தில் உண்மை உண்டு. சிறு வீட்டுக்குக் குறைவாகவும் பெரு வீட்டுக்கு மிகுதியாகவும் வைத்தது நியாயமும்கூட. ஆனால் பிறந்து ஒரு திங்களே ஆன மன்றங்களின் முன் அந்த உயர்வை வைத்துத் தீர்மானம் நிறைவேற்றச் சொன்னபோது, எத்தனை மன்றங்கள் தம் ஊர் வரவு செலவை அலசி ஆராய்ந்தன? தேர்தலுக்கு முன் இறங்கும் வரி, தேர்தல் முடிந்ததும் ஏறும் வரி! ஆட்சி மாறினும் காட்சி மாறாத இந்த விந்தையைப் பகுத்தறிவாளன் பார்த்தும் பாராதிருப்பதா?

"நம்மவர் ஆளும்போது கேட்கலாமா?" என்று சிலர் காதோடு சொல்லுவர். நம்மவர் என்பதாலே கேள்வி வேண்டாம் என்றால், நம் ஊர்ச் சாமி என்பதாலே உண்டியலுக்குக் கணக்கு வேண்டாம் என்பவனுக்கும் நமக்கும் வேறுபாடு என்ன? பெரியார் தம் பொதுவாழ்வின் தொடக்கத்தில் ஈரோடு நகராட்சித் தலைவராக அமர்ந்து, அவ்வூருக்குக் குழாய்க் குடிநீர் வரப் பாடுபட்டவர். நாற்காலியிலே இருந்தபோது குழாய் போட்டவர். நாற்காலியை விட்டு இறங்கியபின் எந்த நாற்காலிக்கும் அஞ்சாதவர். அவர் வழி நடக்கிறோம் என்போர்க்கு ஆளைப் பார்த்துக் கேள்வியை விழுங்கும் பழக்கம் ஆகாது.

இருபது ஷில்லிங்

இங்கிலாந்திலே முதலாம் சார்லஸ் 1629 முதல் பதினோராண்டு பாராளுமன்றத்தைக் கூட்டாமலே ஆண்டான். பணம் வேண்டுமே! கப்பல் வரி என்று ஒன்றைக் கடலோரம் மட்டுமின்றி உள்நாட்டுக்கும் விதித்தான். பக்கிங்காம்ஷயர்ப் பெருநிலக்காரர் ஜான் ஹாம்ப்டன் அவ்வரியில் இருபது ஷில்லிங் கட்ட மறுத்தார். இருபது ஷில்லிங் அவருக்குத் தூசு. கட்ட இயலாமையால் மறுக்கவில்லை. மன்றத்தின் இசைவின்றிக் கேட்பது முறையன்று என்பதால் மறுத்தார். பன்னிரு நீதிபதிகளில் எழுவர் மன்னன் பக்கம், ஐவர் ஹாம்ப்டன் பக்கம். தீர்ப்பிலே அவர் தோற்றார். 1641 இல் பாராளுமன்றம் அந்த வரியையே ஒழித்தது. வரலாற்றிலே வென்றவர் எவர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

கட்டணம் கட்டாதே என்று நான் சொல்லுவதாக எவரும் திரிக்க வேண்டாம். கட்டுங்கள்! நீரேற்றும் பொறி மின்சாரத்தைக் குடிக்கிறது. குளோரினுக்கு விலை உண்டு. நள்ளிரவிலே வால்வு திறக்கும் தொழிலாளிக்கும் வயிறு உண்டு. குழாய் துருப்பிடிக்கும், மாற்ற வேண்டும். இலவசமாய் வரும் மழையும் வீட்டுக்கு வந்து சேரும்போது செலவோடுதான் வருகிறது. செலவு ஏறினால் கட்டணம் ஏறலாம். ஆனால் எவ்வளவு செலவு ஏறியது, எவ்வளவு கட்டணம் ஏறியது என்னும் இரண்டு எண்களையும் அருகருகே எழுதிக் காட்டுங்கள் என்கிறேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கரும்பலகையில் நான் கற்பிக்கும் கழித்தல் கணக்கு அது. நகராட்சிக்கு மட்டும் அது நடுங்க வைக்கும் கணக்காவானேன்?

கணக்கு இல்லை என்று சொல்லித் தப்பவும் முடியாது. தமிழக நகராட்சிகள் குடிநீர், வடிகால் பணிகளுக்கெனத் தனி நிதிக்கணக்கு வைத்திருக்கின்றன. பொது நிதி வேறு, இது வேறு. தணிக்கை செய்ய உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை இருக்கிறது. ஆகவே விடை அலமாரியிலே தூங்குகிறது, வினாவுக்காகக் காத்திருக்கிறது.

வினா எது? இதோ: 1920 ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம் சொத்துவரியினுள்ளேயே நீர், வடிகால் வரியை ஒரு கூறாக வைத்தது. அச்சட்டம் நடப்பிலிருந்த 2022 இல் சொத்துவரி ஏறியபோது, அந்தக் கூறும் உடன் ஏறியது. அதற்கு மேல், இணைப்புக்கு வைப்புத்தொகை. அதற்கும் மேல், குடிநீர்க் கட்டணம். ஒரே தண்ணீருக்கு மூன்று வாசலில் காசு! முதல் வாசலில் கட்டியது எதற்கு, மூன்றாம் வாசலில் கட்டுவது எதற்கு? வாங்கிய கட்டணத்தில் மின்சாரத்துக்கு எவ்வளவு, ஊதியத்துக்கு எவ்வளவு, கடன் வட்டிக்கு எவ்வளவு? நீரேற்றிய அளவிலே வீடு சேர்ந்தது எவ்வளவு, வழியிலே ஒழுகியது எவ்வளவு? கட்டாத பெரிய இடத்துப் பாக்கி எவ்வளவு? ஏழை பாக்கி வைத்தால் இணைப்பைத் துண்டிக்க வரும் கை, பெரிய இடத்துக் குழாயருகே வரும்போது மட்டும் நடுங்குவது ஏன்?

எந்தத் தெருவுக்கு எவ்வளவு?

ரூபாய்க் கணக்கு மட்டும் போதாது. லிட்டர்க் கணக்கும் வேண்டும். பாதாளச் சாக்கடை உள்ள நகரிலே ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் குடிநீர்க் கையேடு வகுத்த அளவு. அந்த அளவை வைத்துக்கொண்டு தெருத் தெருவாகச் சென்று கேட்டுப் பாருங்கள். மேட்டுத் தெருவுக்கு எவ்வளவு? குழாயின் கடைக்கோடியிலே கிடக்கும் குடியிருப்புக்கு எவ்வளவு? கடைக்கோடியில் யார் குடியமர்த்தப்பட்டிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே கேளுங்கள். இந்த நாட்டிலே நிலவரைபடமும் சாதி வரைபடமும் பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்திக் கிடப்பவை.

பம்பாய் மாகாணத்து மகத் நகராட்சி 1924 இலேயே சவுதார் குளத்தைத் தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. தீர்மானம் ஏட்டிலே இருந்தது. தண்ணீர் எட்டாத் தொலைவிலே இருந்தது. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்து சென்று அக்குளத்து நீரை அள்ளிப் பருகினார். நகராட்சி என்ன செய்தது தெரியுமா? அதே ஆண்டில் தன் தீர்மானத்தையே திரும்பப் பெற்றது! பத்தாண்டுகள் கழித்து 1937 இல்தான் பம்பாய் உயர்நீதிமன்றம் அம்மக்களுக்கு ஆதரவாய்த் தீர்ப்பளித்தது. மன்றம் இருந்தால் மட்டும் போதாது, தீர்மானம் இருந்தால் மட்டும் போதாது, அதைக் குளத்தங்கரை வரை இழுத்துச் செல்லும் கால்கள் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

குழாயிலே தண்ணீர் வராத வீட்டுக்காரர் தண்ணீர் குடிக்காமலா இருக்கிறார்? கேன் வாங்குகிறார். 20 லிட்டர் கேன் 30 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். ஆயிரம் லிட்டருக்கு 1,500 ரூபாய்! மாளிகைவாசி எந்த நகராட்சிக்கும் கட்டாத விலையைக் குடிசைவாசி கடைக்காரரிடம் கட்டுகிறார். இதுவும் கட்டண உயர்வுதான். எந்த மன்றத்திலும் தீர்மானம் போடாமலே, எந்தப் பற்றுச்சீட்டும் தராமலே, நாள்தோறும் ஏழையின் தலையில் ஏற்றப்படும் கட்டணம்!

மாற்று வழி இல்லையா? தென்னாப்பிரிக்கா 2001 முதல் குடும்பத்துக்குத் திங்களுக்கு 6,000 லிட்டர் அடிப்படை நீரைக் கட்டணமின்றித் தரும் கொள்கையை வகுத்தது. உயிருக்கு வேண்டிய நீருக்கு ஒரு விலை, உல்லாசத்துக்குப் பாயும் நீருக்கு மற்றொரு விலை என்பது அதன் உட்கருத்து. பொலிவியாவின் கொச்சபம்பா நகரிலே தனியார் நிறுவனம் கட்டணத்தை ஏற்றியபோது மக்கள் வீதிக்கு வந்தனர். 2000 ஏப்ரலில் அந்த ஒப்பந்தமே கிழிந்தது. பாரிசு மாநகரம் 2010 இல் குடிநீர் வழங்கலைத் தனியாரிடமிருந்து மீட்டுத் தானே ஏற்றது. மறு ஆண்டிலேயே கட்டணத்தை 8 விழுக்காடு குறைத்தது. இவர்களுக்கெல்லாம் வருணன் தனிச் சலுகை காட்டவில்லை. மக்கள் கணக்குக் கேட்டார்கள், கணக்கு வந்தது, கணக்கு வந்தபின் நீதியும் வந்தது.

கையிலே இருக்கும் கருவி

இளைஞர்களே, நமக்குக் கருவி இல்லாமலில்லை. தகவல் பெறும் உரிமைக்கு 1997 இலேயே சட்டம் கண்ட மாநிலம் இது. 2005 ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனுப் போடலாம்; முப்பது நாளில் விடை தந்தாக வேண்டும். ஆண்டவனிடம் போடும் மனுவுக்குக் கெடு கிடையாது, இதற்கு உண்டு! நகரங்களில் வார்டு குழுவும் பகுதி சபையும் அமைக்க 2022 இல் விதிகள் வந்தன. அவ்வாண்டு நவம்பர் முதல் நாளில் பகுதி சபைகள் கூடவும் செய்தன. கூட்டம் நடந்தால் செல்லுங்கள். நடக்காவிட்டால் ஏன் நடக்கவில்லை என்று உறுப்பினர் வீட்டுத் திண்ணையிலே சென்று கேளுங்கள். பொன்னாடை போர்த்தச் செல்லும் கால்கள், வரவு செலவுத் திட்டத்தைப் படிக்கவும் செல்லட்டும்.

கேட்க வேண்டியவை நான்கு. குடிநீர் நிதியின் ஆண்டு வரவு செலவை வார்டுதோறும் பலகையில் எழுதி வையுங்கள். எந்தத் தெருவுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை மணி நேரம் நீர் திறக்கப்படுகிறது என்பதை அதன் பக்கத்திலே எழுதுங்கள். கட்டணம் உயர்த்துமுன் பகுதி சபையிலே காரணம் சொல்லுங்கள். சிறு வீட்டின் அடிப்படைத் தேவைக்குக் குறைந்த கட்டணமும், வணிகத்துக்கும் மிகுநுகர்வுக்கும் உயர்ந்த கட்டணமும் வையுங்கள். இவற்றுக்குக் கோடிகள் வேண்டியதில்லை. ஒரு பலகையும், கொஞ்சம் சுண்ணமும், நேர்மையும் போதும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. 2022 மார்ச்சில் பதவியேற்ற நகர மன்றங்களின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் நிறைவுறும். 2019 இல் தேர்தல் கண்ட மாவட்டங்களில் ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோது, தேர்தலுக்குப் பதில் தனி அலுவலர்களே வந்தமர்ந்தனர். பழைய நாடகத்துக்குப் புதிய திரை! நகரங்களிலும் அந்தத் திரை எழுந்தால், கட்டணம் ஏறும். கேட்பதற்கு அவை இராது. எந்தக் கட்சி எந்தக் காரணத்தைச் சொன்னாலும், ஒரு நாளும் மன்றமின்றி இருக்க ஒப்போம் என்று இப்போதே முழங்க வேண்டும்.

மன்றம் குடிமக்களின் பணத்தால் இயங்குவது. குடிமக்களுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டது. அங்கே அர்ச்சகர் இல்லை, ஆண்டவன் இல்லை, பிரசாதம் இல்லை. கொடுத்தவன் கேட்பான், வாங்கியவன் சொல்ல வேண்டும் என்னும் எளிய நியாயமே உண்டு. கேள்வியோடு கொடுத்தால் அது கட்டணம். கேள்வியின்றிக் கொடுத்தால் அது காணிக்கை. திண்டிவனம் எதைக் கொடுக்கப் போகிறது?